அருவிக்கரைத் துறவி என் வீட்டுக்காரர்

பெருமதிப்புக்குரிய நாத்தனார் லம்யாய் அக்காவுக்கு,

சியாங்மாயிலிருந்து ஒரபின் கைகூப்பி எழுதுவது. லாம்பாங்கில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இடுப்பு அறுவைக்குப் பிறகு அத்தை சந்தைவரை தானே நடந்து போய்வருவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இங்கே நான் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேன், அது பொய். நேற்றிலிருந்து தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை பிழைத்து எழுந்தால் அரை மாதம் துறவியாக இருக்கிறேன் என்று உங்கள் தம்பி வேண்டிக்கொண்டதும், தலையை மழித்து, கொட்டுமுழக்கத்தோடு நாமெல்லோரும் அவரை மலைக்காட்டு விகாரையில் கொண்டுபோய் விட்டதும் உங்களுக்குத் தெரியும். அரை மாதம் என்றோ போய்விட்டது, மழைக்காலமே முடிந்துவிட்டது, மனிதர் வரவில்லை. அவருடைய மின்விசிறிக் கடைப் பூட்டில் சிலந்தி குடித்தனம் வைத்துவிட்டது. காவி கட்டியவர் முன்னால் மனைவி போய் நின்று, எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள் என்று கேட்பது பாவம். கேட்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அதனால்தான் வெளிநாட்டுக்காரர்களை அருவிக்கும் அந்த விகாரைக்கும் ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகும் வேனில் நானும் சீட்டு எடுத்தேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு.

வழிகாட்டியின் பெயர் தேச்சா. மைக்கை வாயிலிருந்து எடுக்காத மனிதர். "வேன் முழுக்க வெள்ளைக்காரங்க, நீங்க மட்டும் உள்ளூரு. என்னக்கா, வீட்டுல சண்டையா?" என்று ஏறும்போதே கேட்டார். அருவி பார்க்க வேண்டும் என்றேன். "பொறந்ததுலேர்ந்து இங்கதானே இருக்கீங்க! அருவி எங்கயும் ஓடிப்போயிடலையே!" என்றார். ஓடிப்போனது அருவி இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அருவிக்கரையில் இறங்கியதும், "இப்பதான் நம்ம டூரோட பெரிய விசேஷம், தியானம் சொல்லிக்கொடுக்குற சாமி!" என்று அறிவித்தார். நீண்ட மூங்கில் துடைப்பத்தால் சருகு பெருக்கியபடி ஒருவர் பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா, உங்கள் தம்பி பைதூன்! தொப்பையைக் காணோம். முகத்தில் ஒரு ஒளி. அதுகூடப் பரவாயில்லை, இங்கிலீஷ் பேசுகிறார்! கல்யாணமான நாளிலிருந்து "ஓகே"வைத் தாண்டாத வாய்! கொண்டுபோன சோற்றுக்கூடையை அதிர்ச்சியில் தவறவிட்டேன், அது உருண்டு தண்ணீரோடு போய்விட்டது. ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி, துறவியாவதற்கு முன்பு உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டாள். "ஓயாத சத்தத்தின் நடுவே" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. எல்லோரும் உருகித் தலையாட்டினார்கள். அவர் சொன்னது மின்விசிறிகளையா, என்னையா? இரவெல்லாம் இதைத்தான் யோசித்தேன் அக்கா. வீட்டில் நான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மின்விசிறிகளைத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மண்டியிட்டு வணங்கினேன். கண்ணைத் திறந்தவர் ஒரு கணம் வெளிறிப்போனார். பிறகு சமாளித்துக்கொண்டு, "உபாசகி நலமா?" என்றார். விகாரைக்கு வரும் பக்தைகளைக் கூப்பிடும் சொல் அது, கட்டின மனைவியைப் பார்த்து! "சாமி தயவுல நலம்" என்றேன், வேறென்ன சொல்ல? "சாமிக்கு எங்க பக்கம் வர்ற எண்ணம் உண்டுங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். "வேளை கூடி வரணும்" என்றார். "எப்பங்க கூடும்?" "அது என் கையில இல்ல, உபாசகி."

அந்தப் பதிலை மென்றுகொண்டே திரும்பியவள் பாசிமேல் காலை வைத்துவிட்டேன். தாவரவியல் பட்டம் வாங்கியவள் நான்! சறுக்கியதும் அவர் தன்னை மறந்து கையை நீட்டினார். பிடித்திருக்கலாம். ஆனால் பெண் கை பட்டால் துறவிக்குத் தோஷமாயிற்றே, அத்தைக்காக எடுத்த விரதமாயிற்றே, நான் தொட்டுத்தான் அத்தையின் இடுப்பு மறுபடி விட்டுப்போயிற்று என்று வந்துவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அந்த ஒரு நொடிக்குள் எல்லாம் தோன்ற, நீட்டிய கைக்குத் தப்பி என் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மல்லாக்க மடுவில் விழுந்தேன். "அடியே ஒரபின்! நீச்சலும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பாறைமேல உனக்கென்னடி நடை!" என்று காடே அதிர ஒரு சத்தம். முகத்தின் ஒளி போன இடம் தெரியவில்லை, அசல் என் வீட்டுக்காரர். துடைப்பத்தை நீட்டினார், மறுமுனையைப் பிடித்துக் கரையேறினேன். தேச்சா உடனே மைக்கில், "யாரும் பயப்படாதீங்க, இது இலவசக் காட்சி!" என்றார், கூட்டம் கைதட்டியது. துடைப்பத்தை இருவருமே உடனே விட்டுவிடவில்லை அக்கா. பிறகு அவர் மறுபடி சாமியாகிவிட்டார், நான் சொட்டச் சொட்ட வேனில் ஏறினேன்.

நீங்கள் சொன்னால் கேட்பார். பஸ் பிடித்து வந்து ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: உலகம் வேண்டாமென்று அங்கே இருக்கிறாரா, நான் வேண்டாமென்று இருக்கிறாரா? உலகம்தான் என்றால் பொறுத்துக்கொள்வேன்.

அத்தையின் பாதங்களுக்கு என் வணக்கம். புத்தரும் தர்மமும் சங்கமும் உங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி
ஒரபின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தேச்சா போன் செய்தார். "அக்கா, அந்தச் சாமி உங்க வீட்டுக்காரராமே! ஏன் சாமி இன்னும் வீட்டுக்குப் போகலன்னு கேட்டேன். 'எதை உடுத்திக்கிட்டுப் போறது'ங்கிறாரு!" தலை மழித்த அன்று அவர் கழற்றிய சட்டையையும் பேன்ட்டையும் துவைக்கலாம் என்று நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காவியைக் களைபவருக்கு மாற்றுடை கொண்டுபோக வேண்டியது வீட்டார்தானே. அவர் நாள் சொல்லி அனுப்பட்டும் என்று நான் இருந்திருக்கிறேன். நாமாகக் கேட்காமல் எனக்கு இது வேண்டும் என்று துறவி வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அவர் இருந்திருக்கிறார். மழைக்காலம் முழுக்க! ஆகவே நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். தேச்சாவை வரச் சொல்லிவிட்டேன், வேன் வாசலில் நிற்கிறது. இருக்கிற உடம்புக்குப் பேன்ட் இடுப்பில் தங்காது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.