காந்தம் அண்ணனின் ஒரே தப்பு

இந்தப் பெங்களூரிலேயே பெல்ட் பக்கிளைப் பார்த்துப் பயந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் காந்தம் அண்ணன்தான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் பேட்டையான மர்பி டவுனில் யாருக்கும் தெரியாது. பழைய கார்களின் ஸ்பீடாமீட்டருக்குள் ஒரு சின்னக் காந்தம் உண்டு. வண்டி ஓடும்போது அது சுழன்று முள்ளை இழுக்கும். வயதானால் அதற்கும் பலம் குறையும். வண்டி ஐம்பது மைலில் பறந்தாலும் முள் நாற்பதிலேயே சோம்பி நிற்கும். அண்ணன் அதைக் கம்பிச்சுருளுக்கு நடுவில் வைத்து, படக்கென்று மின்சாரம் கொடுத்து, பழைய முறுக்கை வரவழைப்பார். மங்கிய டயல்களில் எண்கள் எழுதுவது பக்கத்து மேசையில் என் வேலை. நான் படித்தது ஐந்தாவது வரை. நல்லவேளை, மீட்டரில் எண்களைத் தவிர பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

இரும்பு கிட்டே வந்தால் காந்தம் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசின். சாவி, பெல்ட், ஹேர்பின் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வாசலில் நின்ற காருக்கு அபராதம் போட வந்த போலீஸ்காரரையும் விடவில்லை.

"சார், பெல்ட்ட கழட்டுங்க."

ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீட்டு எழுத முடியாமல் அவர் சும்மாவே திரும்பிப் போனார்.

தன் காந்தத்தில் குறை என்று மட்டும் அண்ணன் ஒப்புக்கொள்ளவே மாட்டார். டயர் தப்பு, ரோடு தப்பு, ஒருமுறை மழை தப்பு. "காந்தம் பொய் சொல்லாதுப்பா. மனுசன்தான் சொல்லுவான்." எனக்கு முன்னால் எண் எழுதியவன் யாருக்காகவோ டயலை மாற்றி எழுதினான் என்று அன்றைக்கே மேசையைக் காலி செய்ய வைத்தவர் அவர்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் தன் பழைய காருடன் வந்தார். அண்ணன் காந்தத்துக்குப் பலம் ஏற்றிக் கொடுத்தார். மறுநாளே ஆபீசர் ஓடி வந்தார்.

"என்னய்யா பண்ணி வெச்ச? முள்ளு ஐம்பது காட்டுது! நாற்பது தாண்டுனா என் வீட்டம்மா வண்டியில உக்கார மாட்டா. நடுரோட்டுல எறங்கி ஆட்டோ புடிச்சுப் போயிட்டா!"

"இத்தினி வருசமா ஐம்பதுலதான் ஓட்டினீங்க சார். இப்பதான் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், பலத்தைக் கொறைச்சுடுப்பா."

"வண்டிய வேணா மெதுவா ஓட்டுங்க. காந்தத்த நான் கெடுக்க மாட்டேன்."

அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் தங்கவயலுக்குப் போனார். ஆபீசர் என்னிடம் வந்தார். "ஐம்பது இருக்கற எடத்துல நாற்பதுன்னு எழுதிடேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் வரக் கூச்சப்பட்டே வீட்டில் நாலு குடை சேர்த்தவன் நான். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஆபீசரின் வீட்டம்மா, "அந்தக் காந்தக்காரரும் கூட வந்தாத்தான் ஏறுவேன்" என்று நின்றுவிட்டார். மர்பி டவுன் நெரிசலில் எந்த முள்ளும் இருபதைத் தாண்டாது என்பதால், அண்ணன் ஊரிலிருந்து திரும்பியதும் ஞாயிறு காலை நாலு பேரும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குப் போனோம். அம்மா முன்னால், அண்ணனும் நானும் பின்னால். அண்ணன் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். வேகத்தை அவர் காதாலேயே சொல்லுவார்.

"ஐம்பது."

"நாற்பதுதானே காட்டுது!" என்றார் அம்மா, சந்தோஷமாக.

அண்ணன் கண்ணைத் திறந்தார். எட்டி டயலைப் பார்த்தார். நாற்பதுக்கு மேல் என் எண்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு என்னைப் பார்த்தார். மேசை போச்சு என்று முடிவு செய்து, மேம்பாலத்திலிருந்து எப்படி நடந்து இறங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, தப்பு என்னுது," என்றார் அண்ணன். "காந்தத்துக்குப் பலம் பத்தல. நாளைக்கு ஏத்திக் குடுத்துடறேன்."

கண்ணாடியில் ஆபீசரின் முகம் பஞ்சரானது தெரிந்தது.

மறுநாள் அண்ணன் என் கோணல் டயலுக்குத் தக்கபடி காந்தத்தை இன்னும் முறுக்கேற்றினார். நாற்பதில் போனால் முள் சரியாக நாற்பதில் நின்றது. கொஞ்சம் மிதித்தால் அறுபதுக்குத் தாவியது. ஆபீசர் கத்தினார்.

"நாற்பதுக்கு மேல நீங்கதான் போகப்போறதில்லையே சார்!" என்றார் அண்ணன்.

என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான்: "எழுத்து அழகாத்தான் கீது. எடந்தான் தப்பு."

தன் காந்தத்தைக் குறை சொல்லி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் பொய். அதுவும் எனக்காக.

கடைக்குப் போகாத நாளில்கூட நான் பெல்ட் போடுவதில்லை.