தனியார் இருட்டு

முன்னொரு காலத்திலே, அதாவது நாடு முழுக்கக் கரண்டுக்கும் பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் காத்துக்கிடந்த அந்தக் காலத்திலே, மான்கள் கடைத்தெருவில் வாழைப்பழத்தோல் தின்று திரிகிற திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகப் பக்கமாகப் பூரணி என்று ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார்.

கடை சின்னது. இடியப்பம், கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி. பரிமாறுவது கிண்ணியா ஸெய்னுதீன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் அவருக்குக் கண்பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆனால் வேலையை விடவில்லை. மேசை எங்கே, கதிரை எங்கே என்பது அவருடைய காலுக்கு மனப்பாடம். வெளிச்சத்தில் சாப்பிட வருகிறவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு அவரை விழுத்துவார்கள். கரண்ட் போன பிறகு அவர் நடந்தார், மற்றவர்கள் விழுந்தார்கள்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரச் சோடி கரண்ட் இல்லாத நேரத்தில் அகப்பட்டு, கும்மிருட்டில் இடியப்பத்தைத் தடவித் தடவிச் சாப்பிட்டுவிட்டுப் போய், இருளை இவ்வளவு நேர்மையாகப் பரிமாறும் உணவகத்தை உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டது. அந்த வருசம் நாங்கள் எல்லாரும் வீட்டில் இருட்டில்தான் சாப்பிட்டோம், வாய்க்கொரு ஆளைத் திட்டிக்கொண்டு. அதே இருட்டைப் பூரணியின் கடையில் சாப்பிட்டால் அதற்குப் பெயர் அனுபவம் என்று தெரியவந்ததும் வரிசையில் போய் நின்றோம்.

கரண்ட் ஒழுங்காக வரத்தொடங்கியபோது, பூரணி ஜன்னல்களைக் கறுப்புத் தறப்பாளால் மூடிவிட்டு சுவிச்சை நிறுத்தினார். சனம் இன்னும் கூடியது. இருட்டில் சாப்பிடுவதற்கென்று புதுச்சேலைக்குப் பொருத்தமாகச் சட்டை தைப்பித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். நகைக்கடை முதலாளியின் மனைவி கல் வைத்த அட்டியலைப் பூட்டிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு வீடியோக்கள் போடுகிற றுமானா என்ற பிள்ளை அங்கே எடுத்த வீடியோ தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கறுப்பு. அதற்குக் கீழே, "வடிவா வந்திருக்கு, எந்தக் கமரா?" என்று கேட்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு முற்பகல் குணரத்தினம் கடைக்கு வந்தார். உல்லாச உணவக ஒழுங்கமைப்புப் பணிமனையின் உதவிப் பணிப்பாளர் அவர். கழுத்தில் அடையாள அட்டை, அந்த அட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் உறை, உறைக்கு மேல் அவருடைய விரல்.

"அம்மா, இந்த இருட்டுக்கு அனுமதி எடுத்தனீங்களோ?"

"இருட்டுக்கோ சேர்? கரண்ட் இல்லாத நேரம் ஊர் முழுக்க இருட்டிலதானே சாப்பிட்டது."

"அது அரசாங்க இருட்டு. உரிய மட்டத்தில தீர்மானிச்சு, நேர அட்டவணை போட்டு, எல்லாருக்கும் பகிர்ந்து தந்தது. இது தனியார் இருட்டு."

உள்ளே பிளேட் கழுவிக்கொண்டிருந்த ஸெய்னுதீன் குரல் கொடுத்தார். "தங்கச்சி, ஆரு வந்திருக்கிறது?"

"பணிமனைச் சேர், நானா," என்றார் பூரணி. ஸெய்னுதீனை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அப்ப கதிரையைத் துடைச்சுக் குடுங்க. நான் துடைச்சா ஆளையும் சேர்த்துத் துடைச்சுப்போடுவன்."

குணரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்ப்பது ஸெய்னுதீனுக்குத் தெரியாது என்பதால் இன்னொரு முறையும் பார்த்தார். "இவருக்கு இருட்டில வேலை செய்யத் தகைமை இருக்கோ?"

"கண்ணாஸ்பத்திரித் துண்டு இருக்கு சேர்," என்றார் ஸெய்னுதீன். "ரெண்டு கண்ணுக்கும் முழுத் தகைமை."

குணரத்தினம் ஒரு முடிவை அறிவித்தார். இருள் தரப்படுத்தல் குழு ஒன்று கடைக்கு வந்து சாப்பிட்டுப் பார்க்கும். இருள் பூரணமாக இருந்தால் அனுமதி. ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும் கடையைப் பூட்டவேண்டும்.

கடையைப் பூட்டினால் பூரணிக்குப் போக ஒரே ஒரு இடம் இருந்தது. கந்தளாயில் தமையன் வீடு. புருசன் செத்த புதிதில் அங்கே இருந்து பார்த்தவர்தான். விடியக் கண் முழிக்கும்போதே துருவலையையும் தேங்காய்ப் பாதியையும் கையில் கொடுத்து, "சும்மாதானே இருக்கிறியள் மச்சாள்," என்று சொல்லும் தமையன் மனைவியின் முகம் அவருக்கு எந்த இருட்டிலும் தெரியும்.

"இராச் சாப்பாட்டுக்கு வாறீங்களோ சேர்?"

"பின்னேரம் பணிமனை பூட்டிப்போடும். நாங்கள் பகல் வருவம். இருட்டை நீங்கள் ஆயத்தம் பண்ணி வையுங்கோ. மற்றது, குழு வாறதெண்டா முறைப்படி திறப்பு விழா வைக்கவேணும்."

"கடை திறந்துதானே சேர் கிடக்கு?"

"திறந்த கடையை நாங்கள் இன்னும் திறக்கேல்லை."

பூரணி ஓடு பிரிந்த இடமெல்லாம் தார்த்தாள் ஒட்டினார். கதவிடுக்கில் பழஞ்சாக்கைச் செருகினார். பூட்டுத் துவாரத்துக்குள் பஞ்சு அடைத்தார். "இப்ப எப்படி நானா?" என்று கேட்டால் ஸெய்னுதீன் சுற்றுமுற்றும் தலையைத் திருப்பிவிட்டு, "எனக்கு எந்தக் குறையும் தெரியேல்ல," என்பார்.

விழா நாள் வந்தது. பிரதம அதிதி கொழும்பிலிருந்து வந்த ஒரு மேலதிக செயலாளர். பணிமனையின் பித்தளைக் குத்துவிளக்கை ஜீப்பில் கொண்டுவந்து கடைக்கு நடுவில் நிறுத்தினார்கள். ஆளுயரம். பூரணி அதைப் பார்த்துவிட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுபநேரம் வந்துவிட்டது. பிரதம அதிதி சப்பாத்தைக் கழற்றி, ஐந்து திரியையும் ஏற்றினார். பிறகு எல்லாத் திறப்பு விழாவுக்கும் கொண்டு திரிகிற பேச்சை எடுத்துப் பேசினார். இந்த மாவட்டத்தில் இருளை அறவே ஒழிப்பதுதான் தங்களுடைய நோக்கம் என்றார். கைதட்டினார்கள். நிலாவெளியில் இன்னொரு நாடா வெட்டுப்படக் காத்திருந்தபடியால் சாப்பிடாமலே போய்விட்டார்.

ஜீப் போனது. கைத்தொலைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே குணரத்தினம், ஒரு சுகாதார உத்தியோகத்தர், நகரப் பிரமுகர்களாக நகைக்கடை முதலாளியும் மனைவியும், டிலக்சனா என்ற அபிவிருத்தி உத்தியோகத்தர். டிலக்சனா பல்கலைக்கழகம் முடித்து, நியமனம் கிடைத்து, பணிமனையில் கதிரையும் கிடைத்து, வேலை மட்டும் இன்னும் கிடைக்காதிருந்தவர்.

விளக்கு அம்சமாக எரிந்தது. சுவரில் பல்லி எங்கே நிற்கிறது என்பதுவரை தெரிந்தது.

"சேர், இனி விளக்கை நூர்க்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டே அதை அணைக்கப் பூரணி கிட்டப் போனார்.

"கையை எடுங்கோ," என்றார் குணரத்தினம். "பிரதம அதிதி ஏற்றின விளக்கு. ஏற்றி, அவற்ற ஜீப் ஊர் எல்லை தாண்ட முதல் நூர்த்ததெண்டா என்ன அர்த்தம்?"

"இது இருட்டுக் கடை எண்டு அர்த்தம் சேர்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லை. அவருக்குச் சமமான ஒருத்தர்தான் நூர்க்கலாம்."

"எனக்கு இருக்குத்தானே. என்ர கடை."

"கடை உங்கட. விளக்கு பணிமனையின்ர."

"அப்ப குசினிக்குள்ள கொண்டுபோய் வைப்பம்."

"சுபநேரத்தில ஏற்றினதை அசைக்கப்படாது."

"பெரிய கிடாரம் ஒண்டு கிடக்கு. அதால கவிழ்த்து மூடுவமோ?"

"மூடி மறைச்சதெண்டு எழுதுவினம்."

வாசலுக்குப் போய் மேலதிக செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். சாரதிதான் பேசினார். ஐயா இப்போது வேறொரு விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்றார்.

பூரணி குணரத்தினத்தின் முன்னால் வந்து நின்றார். "சேர், இருட்டில்லாட்டிக் கடையைப் பூட்டுவம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். அதில மாற்றமில்லை."

"இருட்டாக்கவும் விடுறியள் இல்லை."

"அதிலயும் மாற்றமில்லை." குணரத்தினம் தாடையைத் தடவினார். இரண்டு விதியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டுக்கும் நடுவால் நடந்துபோவதற்குத்தான் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். "விளக்கு தன்ர பாட்டில எரியட்டும். இருட்டை நாங்கள் எங்கட பக்கத்தில இருந்து செய்வம். எல்லாரும் கண்ணை மூடுங்கோ. நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் திறக்கப்படாது."

மூடினார்கள். நகைக்கடை முதலாளி, "ஆகா," என்றார்.

"பிள்ளை டிலக்சனா, விளக்குக்கு எண்ணெய் குறையாமல் பாக்கிறது உங்கட பொறுப்பு."

டிலக்சனாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த வேலை. எண்ணெய்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்தார். "சேர், நானும் கண்ணை மூடவோ?"

"முழு இருள் எண்டா முழு இருள்."

"அப்ப எண்ணெயை எப்படி ஊத்திறது சேர்?"

"அனுமானத்தில. நாங்கள் எல்லாம் அப்படித்தானே வேலை செய்யிறம்."

ஸெய்னுதீன் பரிமாறத் தொடங்கினார். அவர் ஒருவரைத்தான் யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கள்ளமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். மற்ற எல்லாரும் மூடியிருப்பதைக் கண்டு வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்கள். நகைக்கடை முதலாளியின் மனைவி மட்டும், யாராவது கண்ணைத் திறந்து தன் அட்டியலைப் பார்க்கிறார்களா என்று பார்த்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று மனம் நொந்து, மறுபடி மூடினார்.

டிலக்சனா பொறுப்போடு கையை நீட்டி, அனுமானித்து, தேங்காயெண்ணெயை ஊற்றினார். அது பக்கத்தில் இருந்த சுகாதார உத்தியோகத்தரின் சொதிக்குள் போனது. அவர் ஒரு வாய் உறிஞ்சினார்.

"சொதி நல்ல கொழுப்பு," என்றார்.

"இன்னும் விடட்டோ?" என்று ஸெய்னுதீன் கேட்டுக்கொண்டு வருவதற்குள் டிலக்சனா இன்னும் கொஞ்சம் விட்டார்.

"உங்களுக்கு இருட்டு எப்படி இருக்கு?" என்று குணரத்தினம் பொதுவாகக் கேட்டார்.

"ஆழமான இருட்டு சேர்," என்றார் நகைக்கடை முதலாளி. "கொழும்பில ஒரு இடத்தில பாத்தனான். இந்தத் தரம் வராது."

ஐந்து திரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. கடைசித் திரி ஒரு முறை துள்ளிப் பார்த்துவிட்டு நூந்தது. கடை கிணற்றின் அடி போல இருண்டது. ஒருவருக்கும் தெரியாது.

ஸெய்னுதீன் குசினி வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். "தங்கச்சி, திரி கருகின மணம் வருது."

குசினிக்குள் கண்ணை மூடி நின்ற பூரணி கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். கையும் தெரியவில்லை. ஓட்டையெல்லாம் அடைத்து அவர் செய்த இருட்டு, ஒரு நூல் வெளிச்சம் இல்லாமல், அங்கே நின்றது. அரிசிமூட்டையில் அப்படியே குந்திவிட்டார்.

"நானா, முழு இருட்டு," என்றார் மெதுவாக.

"அப்படியோ," என்றார் ஸெய்னுதீன். "பாத்துச் சொன்னாச் சரி."

அதே நேரம் மேசையில் நகைக்கடை முதலாளி சலித்துக்கொண்டார். "குறை சொல்லக்கூடாது, ஆனா முந்தி இருந்த இருட்டு நல்லம். இப்ப என்னமோ கொஞ்சம் கலங்கினமாதிரிக் கிடக்கு."

சாப்பிட்டு முடிந்தது. குணரத்தினம் தொண்டையைச் செருமினார். "சரி. இனி எல்லாரும் கண்ணைத் திறக்கலாம்."

கைகள் மேசையைத் தடவின.

"சேர்," என்றார் நகைக்கடை முதலாளி, "நான் திறந்திட்டன் போல."

"போல எண்டா?"

"திறந்ததுக்கு அத்தாட்சி இல்லை."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் சுகாதார உத்தியோகத்தர். "இந்தச் சொதியிலதான் ஏதோ..."

குணரத்தினத்தின் கதிரை கிறீச்சிட்டது. "விளக்கு எங்க? விளக்கை நூர்த்தது ஆர்?" குரல் அவருடையது போலவே இல்லை. பிரதம அதிதி ஏற்றிய விளக்கு, அவரே பொறுப்பாக இருந்த சபையில் நூந்துபோனது என்று மேலே தெரிந்தால், புல்மோட்டைக்கு மாற்றலாகிக் கரையில் மணல் எண்ண வேண்டிவரும். "விளக்கு நூந்ததை ஆராவது கண்டனீங்களோ?"

கண்டேன் என்றால் கண்ணைத் திறந்திருந்தேன் என்று ஆகும்.

"அப்ப ஒருத்தரும் காணேல்லை," என்றார் குணரத்தினம். கொஞ்ச நேரம் யோசிக்கிற சத்தம் கேட்டது. "நாங்கள் எல்லாரும் கடைசியாக் கண்ட நேரம் விளக்கு என்ன நிலையில இருந்தது?"

"எரிஞ்சுகொண்டு இருந்தது சேர்," என்றார் டிலக்சனா.

"அதுக்குப் பிறகு அந்த நிலை மாறினதுக்குச் சாட்சி இருக்கோ?"

"இல்லை சேர்."

"சாட்சி இல்லாத மாற்றத்தை ஏற்கேலாது. விளக்கு எரியுது." அவருடைய குரல் பழையபடி கழுத்து அட்டைக்குள் வந்து சேர்ந்தது. "நிலையத்தின் உரிமையாளர் என்ன சொல்லுறா?"

பூரணி வாயைத் திறந்தார். எண்ணெய் முடிந்து தானாகத்தான் போனது, ஒருவரும் குற்றமில்லை, இப்போது பாருங்கள், இதுதான் நான் செய்த இருட்டு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கந்தளாயிலிருந்து துருவலை கரகரவென்று கேட்டது.

"நல்லா எரியுது சேர்," என்றார்.

"சந்தோசம். பூரண இருள், பேணப்பட்டுள்ளது. மங்கள விளக்கு, எரிந்தவண்ணம் உள்ளது. ரெண்டும் திருப்தி. அனுமதி வரும். ஒரே ஒரு நிபந்தனை. எந்தக் காரணம் கொண்டும் அந்த விளக்கை நீங்கள் நூர்க்கப்படாது."

"சத்தியமா நூர்க்க மாட்டன் சேர்."

கதவைத் திறந்தார்கள். நடுப்பகல் வெயில் துறைமுகத் தண்ணீரில் பட்டு, வாசலால் நேராக வந்து விளக்கில் விழுந்தது. ஐந்து கருகிய திரிகளும், காய்ந்த தட்டும், தட்டில் மொய்க்கப் பறந்து இறங்கிவிட்ட ஒரு இலையானும் தெளிவாகத் தெரிந்தன. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

குணரத்தினம்தான் முதலில் போனார். இரண்டு உள்ளங்கையையும் திரிக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியேறினார். நகைக்கடை முதலாளியும் ஒற்றிக்கொண்டார். அவருடைய மனைவி கையை வைத்ததும், "ஸ்ஸ்," என்று இழுத்து ஊதிக்கொண்டார். சேலைத்தலைப்புக் கவனம் என்று சுகாதார உத்தியோகத்தர் பின்னால் நின்று எச்சரித்தார். டிலக்சனா போகும்போது, வெளிச்சத்தில் நிதானமாகக் குறிபார்த்து, மிச்ச எண்ணெயைத் தட்டில் ஊற்றிவிட்டுப் போனார்.

பூரணி மேசையைத் துடைத்தார். ஸெய்னுதீன் கையைக் கழுவி, ஈரத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்து, பிரம்பை எடுத்தார். கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"தங்கச்சி, இனி இதை ஒரு ஓரமாத் தூக்கி வைப்பமோ? நடுவழியில கிடக்கு."

பூரணி விளக்கைப் பார்த்தார். வாசலையும் பார்த்தார்.

"ஏலாது நானா. எரியுது."

ஸெய்னுதீன் விளக்குப் பக்கம் திரும்பினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிறகு ஒரு கையால் சாரத்தைக் கூட்டி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நெருப்புப் படாத தூரத்தில் விளக்கைச் சுற்றி, பிரம்பைத் தட்டித் தட்டி வெளியே நடந்தார்.