செத்தவர்களைக் காக்க வைத்தவர்

காக்க வைப்பதில் பெரிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் செத்துப்போன பிறகும் ஒரு மனிதனைக் காக்க வைக்கிற வல்லமை உலகத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் கொல்லிமலையில், அரியூர் நாட்டில் இருந்தார். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. சொந்தப் பெயர் என் ரிஜிஸ்தரில் எழுதியிருந்தது. அதை நானே மறந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அவர் பொறுங்க கவுண்டர்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தைய வருஷங்கள். யுத்தம் வேறு. ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு எழுத்தனாக நான் மலைமேல் இரண்டு மழைக்காலம் தள்ளினேன். காலையில் பனி, மத்தியானம் மழை, சாயங்காலம் குளிர்காய்ச்சல். இவை மூன்றும் ஆபீசுக்கு வருவதில் என்னைவிட ஒழுங்கு. திங்கட்கிழமை துவைத்த வேட்டி வெள்ளிக்கிழமையும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் காய்ச்சல் வீடு வீடாகப் போயிற்று. போன வீடுகளில் பாதியில் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. எனக்கு அந்த மலை பிடிக்கவே இல்லை.

மலையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் லைசென்சைச் சரிபார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. துப்பாக்கி என்றதும் தோட்டா போட்டுப் படபடவென்று சுடுவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆள் உயரக் குழல். அதன் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கோலால் இடிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ், அதில் ஊசித்துளை. குமிழின்மேல் கேப்பு என்கிற குட்டி வெடிமூடியை மாட்டி விசையை இழுத்தால் அதன்மேல் சுத்தியல் விழும். கேப்பின் நெருப்பு துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பிடித்தால் வெடிக்கும். பிடிக்காவிட்டால் சரிசெய்யப் பொறுங்க கவுண்டரைக் கூப்பிட வேண்டும். பொறுங்க கவுண்டரின் துப்பாக்கியே பிடிக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது? அதுதான் ஊரின் பெரிய தலைவலி.

அந்த ஊர் வழக்கம் இப்படி. சாவு வீட்டிலிருந்து உடலைத் தூக்கும்போது வாசலில் ஒரு வேட்டு போட வேண்டும். ஈய ரவை கிடையாது, சத்தம் மட்டும். வேட்டுச் சத்தம் கேட்காமல் பாடை வாசலைத் தாண்டாது, எவ்வளவு பெரிய வீடானாலும் சரி. அந்த வேட்டைப் போடும் உரிமை பரம்பரையாகப் பொறுங்க கவுண்டர் வீட்டுக்கு.

நான் பார்த்த முதல் சாவிலேயே அது வெடிக்கவில்லை. ‘டக்’ என்றது, அவ்வளவுதான். பாடையைத் தூக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடி நின்றார்கள்.

“சித்தெ பொறுங்க!” என்று கையை உயர்த்தினார் கவுண்டர்.

குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினார். சில சமயம் மருந்து தாமதமாகப் பிடிக்குமாம், அவசரப்பட்டுக் குனிந்து பார்த்தால் முகம் போய்விடுமாம். இளமையில் ஒரு தடவை அவர் பொறுக்காமல் குனிந்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு புருவம்தான். அந்த மிச்சப் புருவத்தின்மேல் அவருக்கு அளவில்லாத அக்கறை. நூறு எண்ணியதும் தன் கணக்கில் சந்தேகம் வந்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

பிறகு வேறு கேப்பு. டக். மறுபடியும் நூறு. அப்புறம் ஊசியை எடுத்துத் துளையைக் குத்தினார். குத்திய ஊசியை வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, பெருமூச்சு விட்டார். கோலின் முனையில் திருகு ஆணி மாட்டி அடைத்த நாரை வெளியே இழுத்தார். மருந்தைக் கொட்டினார். “வெந்நி ஊத்திக் களுவோணுமுங்க” என்றார். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே! வெந்நீருக்கு இரண்டு மேடு தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். குழலைக் கழுவி, நெருப்பில் காட்டிக் காயவைத்துத் திரும்பி வந்தபோது மேளக்காரர்களின் கை ஓய்ந்து, ஒப்பாரி தீர்ந்து, செத்தவர் ஒருவர்தான் களைப்பில்லாமல் இருந்தார்.

இது ஒரு தடவையோடு போகவில்லை. ஒரு சாவில் பங்காளிகள் இருவருக்குள் வரப்புத் தகராறு மூண்டது. அது வாய்ச்சண்டையாகி, கைகலப்பாகி, பெரியவர்கள் பேசி, இரு தரப்பும் வெற்றிலை போட்டுத் துப்பி முடித்த பிறகுதான் வேட்டு வெடித்தது. இன்னொரு சாவில் மழை வந்தது, விட்டது, வெயில் அடித்தது, மறுபடியும் மழை வந்தது. கவுண்டர் துளையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஊர்க்கவுண்டர் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஊருக்குப் பெரியவர், எதிலும் அவசரக்காரர்.

“ஏனுங்க ரைட்டரே, அந்த ஆளு கையில இருக்கறது துப்பாக்கிங்களா, அடுப்பூதற குழலுங்களா? லைசென்சைப் பிடுங்கி எம் மச்சானுக்குக் குடுங்க. அவன் மொதத் தடவையே வெடிச்சுப்போடுவான்.”

புகார் வந்தால் பரிசோதித்தாக வேண்டும். சர்க்கார் சம்பளம் வாங்குகிற புத்தியால் வேண்டுமென்றே ஒரு மழை நாளாகப் பார்த்துப் பொறுங்க கவுண்டரை வரச் சொன்னேன். சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு வந்து நின்றார். துப்பாக்கியும் கொங்காடைக்குள் இருந்தது. அவர் முதுகு நனைந்துகொண்டிருந்தது.

“இதை வாங்கிட்டீங்கன்னா நான் சும்மாத்தான் இருக்கோணுமுங்க” என்றார். வேறொன்றும் கெஞ்சவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது.

முதலில் மருந்து போடாமல் வெறும் கேப்பை மாட்டினார். குழலின் வாய்க்கு எதிரே ஒரு புல்லை நட்டு விசையை இழுத்தார். புல் ஆடியது. “வழி தொறந்திருக்குதுங்க” என்றார். துளை அடைபடாமல் இருந்தால் கேப்பின் காற்று மறுமுனை வரைக்கும் வந்து புல்லை ஆட்டும் என்று விளக்கினார். பிறகு மருந்துக் கொம்பின் மூடியில் மருந்தை அளந்து கொட்டி, குழலைப் பக்கவாட்டில் தட்டி, துணி சுற்றிய ஈய ரவையை வைத்து இடித்தார். கோலில் ஒரு கோடு கிழித்திருந்தார். அந்தக் கோடு குழல் வாய்க்குச் சரியாக இறங்கும் வரை விடவில்லை. ரவை மருந்தோடு ஒட்டி உட்காராவிட்டால் குழல் கிழிந்துவிடுமாம்.

அறுபது தப்படிக்கு அப்பால் ஒரு பலாமரம். எந்தப் பிஞ்சு என்று கேட்டார். காட்டினேன். காம்பில் பட்டுப் பிஞ்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. கொட்டுகிற மழையில் ஒரு ‘டக்’ கூட இல்லை.

“இவ்வளவு நன்றாகச் சுடுகிறீர்களே, சாவு வீட்டில் மட்டும் ஏன் கவுண்டரே வெடிக்க மாட்டேன் என்கிறது?”

“ஈரமுங்க.”

“இப்போது பெய்வது என்ன?”

“இது மேலயிருந்து வர்ற ஈரமுங்க. ஒண்ணும் பண்ணாது. சாவு ஊட்டுல சனம் அழுகறதுல வர்றது கீழயிருந்து ஏறுமுங்க.”

இதை ரிஜிஸ்தரில் எப்படி எழுதுவது? ‘துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது’ என்று மட்டும் எழுதினேன். ஊர்க்கவுண்டருக்கு அது போதவில்லை. அடுத்த சாவில் வெடிக்காவிட்டால் நானே நேரில் இருந்து பார்த்து லைசென்சை வாங்கிவிட வேண்டும் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த சாவு ஊர்க்கவுண்டர் வீட்டிலேயே விழுந்தது. அவருடைய தாயார்.

அந்த அம்மாளுக்கு ஒரு மகளும் உண்டு, நல்லம்மா. அண்ணன் பேச்சை மீறிக் குண்டனி நாட்டில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். ஏழு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த தாய், கடைசி மூன்று நாளும் மகள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆனாலும் அவளுக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குழி வெட்டியாகிவிட்டது. மழைக்கு முன்னால் தூக்கிவிட வேண்டும் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

டக்.

“சித்தெ பொறுங்க!”

கூட்டம் முனகியது. கேப்பு மாற்றினார். ஊசி குத்தினார். நாரை இழுத்தார். மருந்தைக் கொட்டினார். வெந்நீருக்குப் போய்விட்டு வந்தார். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். எப்போதும் வெந்நீர் வைத்துக் கொடுக்கிற பொறுங்க கவுண்டரின் மனைவியை அன்றைக்கு விடியற்காலையிலிருந்து யாருமே பார்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் பொறுமை இழந்துவிட்டார். “ரைட்டரே, நீங்களே பாருங்க! பார்த்துப்போட்டு இங்கயே அந்த லைசென்சைக் கிழிச்சுப்போடுங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துப்பாக்கியை வாங்கினேன். கற்றுக்கொண்ட வித்தை கையில் இருக்கிறதே! ஒரு புல்லை நட்டு, வெறும் கேப்பை மாட்டி இழுத்தேன். கேப்பு வெடித்தது, புல் ஆடவில்லை. குமிழைக் கண்ணருகே கொண்டுபோனேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. தேன்மெழுகு. வாசனைகூட அடித்தது.

நிமிர்ந்து பொறுங்க கவுண்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குண்டனி நாட்டிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையை, அது மேட்டில் ஏறுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒற்றைப் புருவம் துடித்துக்கொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சர்க்கார் குரலில் ஒரு பொய் சொன்னேன். “உள்ளே ரொம்பவும் நமுத்திருக்கிறது. நெருப்பில் நன்றாகக் காட்டித்தான் ஆக வேண்டும். இதில் இவர் தப்பு ஒன்றுமில்லை.”

ஊர்க்கவுண்டர் பல்லைக் கடித்தார். சர்க்காரே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது.

நெடுநேரம் கழித்து மேட்டில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி பொறுங்க கவுண்டரின் மனைவி. இன்னொருத்தி ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். முழங்கால் வரை சேறு. வாசலில் வந்து, “என்னப் பெத்தவளே, ஒரு சொல்லு சொல்லாமப் போயிட்டியே!” என்று தாயின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் அவளைத் தடுக்கவில்லை. சுவரைப் பார்க்கத் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன், காரணம் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

பொறுங்க கவுண்டர் இடுப்பிலிருந்து ஊசியை எடுத்தார். ஒரே குத்து. மருந்து, நார், கோல், கேப்பு. வேட்டு மலை முழுக்க உருண்டது.

மறுநாள் அவர் வீட்டு முற்றத்தில் குழலைக் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கேட்டேன். மெழுகைப் பற்றி எதையும் மறைக்கவில்லை.

“எங்கம்மா செத்தப்ப நான் மொளகு மூட்டை தூக்கிக்கிட்டு அடிவாரத்துக்குப் போயிருந்தனுங்க. வந்து பார்த்தா குழிமேட்டு மண்ணுதானுங்க இருந்துச்சு. அப்ப வேட்டு போட்டது எங்க பெரியப்பனுங்க. நல்ல கெட்டிக்காரரு. மொதத் தடவையே வெடிச்சுப்போட்டாரு.”

“அப்படியானால் எல்லாச் சாவுக்கும் மெழுகுதானா?”

“இல்லீங்க. வரவேண்டியவங்க எல்லாரும் வந்துட்டாங்கன்னா மொதத் தடவையே வெடிச்சிருமுங்க.”

“அப்படி எத்தனை சாவில் வெடித்தது?”

யோசித்தார். “அப்படி ஒரு சாவு இன்னும் விழுகலீங்க” என்றார்.

அதற்கப்புறம் எனக்கு மாற்றல் வந்து அடிவாரத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்கு இறங்கிவிட்டேன். இரண்டு வருஷம் இருக்கும், மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஒரு மலைக்காரர் வந்து நின்றார். “பொறுங்க கவுண்டரு காய்ச்சல்ல போயிட்டாருங்க. ஊர்க்கவுண்டரு உங்களுக்குச் சொல்லீட்டு வரச் சொன்னாருங்க.”

லீவு எழுதிக் கொடுத்தேனா என்பதுகூட நினைவில்லை. ரோடு இல்லாத காலம், நடைதான். வழுக்குப் பாறையில் ஏறிக்கொண்டே இருந்தேன். மனசெல்லாம் ஒரே பயம். துப்பாக்கி இப்போது யார் கையில்? ஊர்க்கவுண்டரின் மச்சான் கையிலா? கெட்டிக்காரனாக இருந்தால் முதல் தடவையே வெடித்துவிடுவானே! இடி இடிக்கும்போதெல்லாம் வேட்டோ என்று நின்றேன். நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். அரியூர் நாட்டு மேட்டில் ஏறியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

வாசலில் பாடை காலியாக அப்படியே இருந்தது. சுற்றிலும் நனைந்த கூட்டம். நடுவில் துப்பாக்கியும் கையுமாக ஊர்க்கவுண்டர். எதற்கும் அவசரப்படுகிற அந்த மனிதரின் காலடியில் ஒரு குவியல் செத்த கேப்புகள். காலையிலிருந்து வெடிக்கவில்லையாம். ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் மூச்சு விட்டார். “வந்துட்டீங்களா சாமி” என்றார். இடுப்பில் தடவி ஊசியை எடுத்துத் துளையைக் குத்தினார். நுனியில் மஞ்சளாக ஒட்டியிருந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பொறுங்க கவுண்டர் மிகவும் இளைத்திருந்தார். அந்த ஒற்றைப் புருவம் மட்டும் அடர்த்தியாக, பத்திரமாக இருந்தது. வெளியே மருந்து இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“ஏனுங்க ரைட்டரே, எல்லாரும் வந்தாச்சுங்க. போட்டுரட்டுங்களா?” என்று ஊர்க்கவுண்டர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“சித்தெ பொறுங்க” என்றேன்.