யூலிற்றாவின் மூளையிலுள்ள வாங்கிகள்

முல்லைத்தீவு,
தபசுகாலம், 1979.

கொழும்பில் டாக்குத்தர் படிப்புப் படிக்கும் அன்பு மகன் கொன்ஸ்ரன்ரைனுக்கு, மாதாவின் காவல் உன்னோடிருக்கச் சித்தப்பா செபமாலை எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் சுகமில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது நீ சொன்னாய்: மூளையில் வாங்கிகள் என்று கண்ணுக்குத் தெரியாத சாமான்கள் இருக்கின்றன, கவலை வரும்போது உடம்பில் ஊறும் இரசாயனங்கள் அவற்றில்தான் போய்ப் பிடிக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வித்தியாசம், அதனால்தான் ஒரே அடி ஒருவரை விழுத்துகிறது, மற்றவரை விழுத்துவதில்லை என்று. இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னாய், அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. கார்த்திகைப் புயல் என் வள்ளத்தையும் கொண்டுபோனது, உன் அப்பாவின் வள்ளத்தையும் கொண்டுபோனது. அண்ணர் வள்ளம் போன கையோடு குறட்டை விட்டார். உன் சின்னம்மா யூலிற்றாவோ, தன் தம்பியையும் அதே புயலில் கடலுக்குக் கொடுத்தவள், தை பிறந்த பிறகு என்னோடு வாய் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்து கோழிக்குப் போடுகிறாள். அவளுக்கு வாங்கிகள் கூட என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வாங்கிகளைப் பிடுங்க முடியாதென்றால் கவலை உள்ளே போகாமல் மறிப்பதுதானே முறை. றேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வருகிறவர்கள் நல்ல சேதி மட்டும்தான் சொல்லவேண்டும் என்று வாசல் படலையில் நின்று சொன்னேன். புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரிடமும் நல்ல சேதி இல்லாதபடியால் ஆட்கள் வருவது குறைந்துபோனது. பக்கத்து வீட்டுத் திரேசம்மா மட்டும் வந்து, தன் மாடு நன்றாகப் பால் கறக்கிறது என்றாள். அந்த மாட்டைப் புதைக்கக் குழி வெட்டியதே நான்தான், யூலிற்றா பார்த்துக்கொண்டு நின்றவள்.

பிறகு தபசுகாலம் வந்து பசாம் தொடங்கியது. கொழும்புக் கோயில்களில் இது உண்டோ தெரியாது, இங்கே ஆண்டவர் பட்ட பாடுகளை ராகம் இழுத்து வாசிக்க, கோயில் நிறையப் பெண்கள் இருந்து தேம்பித் தேம்பி அழுவார்கள். இவ்வளவு கவலையையும் ஒரே இடத்தில் ஊற்றினால் அவளுடைய வாங்கிகள் என்ன கதி? போகவேண்டாம் என்று மறித்தேன். வாசிப்பு வீட்டுக்கும் கேட்கிறபடியால் பங்குச் சுவாமியிடம் போய், இந்த வருடம் பாடுகளை விட்டுவிட்டு நேரே உயிர்ப்புக்குப் போனால் என்ன என்று கேட்டேன். சுவாமி, "செபமாலை, நீர் கடைசியா எப்ப நித்திரை கொண்டனீர்?" என்றார். கேட்டதற்கு மறுமொழி இல்லை, பார்.

மகன், எனக்குப் பயமாக இருக்கிறது. இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? வாங்கிகளை அடைக்கிற குளிசை அங்கே இருந்தால் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, கடலில் குளிக்கப் போகாதே. சகல அர்ச்சிஷ்டவர்களும் உன்னைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
சித்தப்பா செபமாலை

பி.கு.: மகன், இது சின்னம்மா. கடிதத்தை ஒட்டித் தா எண்டு தந்தவர், வாசிச்சிட்டன். அவர் படலையில நிண்டு சனத்தை மறிக்கிற நேரம் நான் பின்வேலியால பசாமுக்குப் போய் அழுதிட்டு வாறன். வந்து பானையில கிடக்கிற சோத்தைத் திண்டிட்டு நல்லாப் படுக்கிறன். அவரோட என்னத்தைக் கதைக்கிறது? என்ர தம்பி சவிரியின்ர பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுறார். புயலண்டைக்குத் தன்ர வள்ளத்தில அவனைக் கடலுக்கு அனுப்பினது தானெண்டு அவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குத்தல். அண்டையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, ஒழுங்கா ஒரு நித்திரையும் இல்லை. குளிசையை அவருக்கு அனுப்பு. அது வாறதுக்கிடையில, இண்டைக்குப் பின்னேரம் அவரைப் பசாமுக்கு இழுத்துக்கொண்டு போறன். வாங்கி ஆருக்குக் கூட எண்டு ஊருக்கே கேக்கும்.