அழகான 'ழி'

உயிர் போனாலும் சரி, மெய் போனாலும் சரி, ஓர் எழுத்துருவைக்கூட அழிக்க மாட்டேன் என்று அன்று காலை முடிவெடுத்தேன். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. இருபது வருடச் சேகரிப்பு. பெயர்ப்பலகை வடிவமைப்பவனுக்கு வேறென்ன சொத்து?

கணினி திறக்கவே அரை மணி ஆகிறது என்பது மனைவியின் புகார். எங்கள் தொழிலில் நான் எழுத்தை அடுக்குவேன், அவள் பிழை திருத்துவாள். நான் எழுத்தைப் பார்ப்பேனே தவிர, படிக்கிற வழக்கம் இல்லை. ஒருமுறை பல் மருத்துவர் பலகையில் 'கல் மருத்துவர்' என்று போட்டுவிட்டேன். அந்த 'க' என்ன வளைவு தெரியுமா! அவருக்குத்தான் ரசனை போதவில்லை.

"ஏங்க, பாதியையாவது தூக்குங்க. கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது."

"முடியாது! எல்லாத்தையும் இப்பதான் வகை பிரிச்சேன். தடியன், ஒல்லி, கூனல், ஒய்யாரம்..."

"உங்க அண்ணன் தம்பிங்களையா சொல்றீங்க?"

"எழுத்தைச் சொல்றேன்! ஒய்யாரம் மட்டுமே அறுநூறு."

"பலகைக்குப் போடுறது என்னவோ மூணுதானே?"

"பெத்த பிள்ளைங்கள்ல இது வேண்டாம்னு எந்த அப்பனாவது சொல்வானா?"

"நாம பெத்தது ஒரே பொண்ணு. அவ பிறந்த நாளே உங்களுக்கு ஞாபகம் இல்ல."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மதியம் ஒரு தாளோடு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க. இருக்கிறதுலயே இதுதானே உங்களுக்கு உசத்தி?"

உருகிப்போனேன். தாளில் அச்சாகியிருந்தது என் செல்ல எழுத்துரு, 'கொடிவளைவு'!

"இந்த 'ழி'யைப் பாரு! மேல்சுழி என்னமா இறங்குது! இதைவிட அழகா ஒரு 'ழி' உலகத்துல கிடையாது. எழுதியே தரேன்!"

"எழுத வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டேன். கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

"தேதி?"

அதையும் போட்டேன்.

தாளை வாங்கி, பிழை திருத்தும் குரலில் சத்தமாகப் படித்தாள்: "மூன்று எழுத்துருக்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழிக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்."

"பிழை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

நான் விடுவேனா? மேசையை ஓங்கித் தட்டிக் கேட்டேன்: "அந்த மூணுல கொடிவளைவு இருக்குங்களா?"