மேஸ்திரி பல்லுல பாதியில நின்ன ஃபைபர்

நேத்து காலைல பதினோரு மணிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒருத்தருக்கு முன்பல்லுல ஃபைபர் போஸ்ட் ஒட்டணும்.

பல் மேல உடைஞ்சு வேர் மட்டும் நல்லா இருந்தா, வேர் சிகிச்சை முடிச்சு, உள்ள ஒரு ஃபைபர் குச்சியை ரெசின் சிமெண்ட் போட்டு நிக்க வைப்போம். அது மேல பல்லைக் கட்டுவோம். அரை மணி நேர வேலை. காலேஜ்ல இதுல எனக்கு நல்ல பேரு. இதை நானேதான் சொல்லிக்கணும், வேற யாரும் சொல்ல மாட்டாங்க.

திருவொத்தியூர்ல கிளினிக் திறந்து மூணு மாசமாச்சு. எதிர்ல இருக்கற மீனவர் குப்பத்துல இருந்து ஒரு ஆள் கூட வந்ததில்ல. சின்னப் பொண்ணு, கைப்பழக்கம் பத்தாதுன்னு பேச்சாம். முதல்முதலா வந்தவர்தான் இந்த மேஸ்திரி. இவர் போய் நல்லவிதமா ரெண்டு வார்த்தை சொன்னா குப்பமே வரும். சொதப்பினா நான் மூட்டை கட்டிக்கிட்டு மணலி புதுநகர்ல அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சேர்ல உக்காந்ததும் அந்தக் குச்சியை வாங்கி வெளிச்சத்துல பார்த்தாரு.

"இது ஃபைபராச்சேம்மா. இத்த எத்த வெச்சு ஒட்டுவ?"

ரெசின்னு சொன்னேன். மூஞ்சி மலர்ந்து போச்சு. மனுஷன் முப்பது வருஷமா ஃபைபர் படகுக்கு ஒட்டு போடறவராம். வரிசையா கேள்வி. ஈரம் துடைச்சியா, பிசுக்கு எடுத்தியா, கையால தொடாம வெச்சியான்னு, குச்சியைக் கையால தொட்டுக்கிட்டே கேட்டாரு. வாங்கி ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். எனக்கு காலேஜ் வைவா பரீட்சையே இவ்வளவு கஷ்டமா இருந்ததில்ல.

அப்போ பார்த்து கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல சேர் ஓடும், லைட் எரியும். ஏ.சி. ஓடாது. மே மாச வெயில். கொஞ்ச நேரத்துல ரூம் அடுப்பங்கரை ஆயிடுச்சு.

"டாக்டரம்மா, சூடு ஏறினா ரெசின் டபக்குனு புடிச்சிக்கும். நாங்கெல்லாம் வெயிலுக்கு முன்னாடியே முடிச்சிடுவோம். பாத்து செய்."

நான் சிரிச்சேன். படகு ரெசின் வேற, பல் ரெசின் வேறன்னு சொல்லிட்டு, பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட்டை மாட்டினேன். இனி அவரால பேச முடியாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்கன்னேன்.

வேருக்குள்ள சிமெண்ட்டை விட்டேன். குச்சியை உடனே இறக்கியிருக்கணும். இறக்கினேனா? அவ்வளவு கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாம விட்டா என் மானம் என்னாகறது! குச்சியை இடுக்கியில பிடிச்சபடியே, இந்த சிமெண்ட் எவ்வளவு உசத்தின்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சேன்.

அவர் இடது கையைத் தூக்கினாரு. அங்க நரம்பே இல்லண்ணே, வலிக்காதுன்னு சொல்லிட்டு பாடத்தைத் தொடர்ந்தேன். ரெண்டு கையையும் தூக்கினாரு. மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாரு. எங்கயோ அவசரமா போகணும் போலன்னு நினைச்சு, இதோ முடிஞ்சதுன்னு குச்சியை இறக்கினேன்.

பாதி போச்சு. நின்னுடுச்சு.

அழுத்தினேன். திருகினேன். தெரிஞ்ச சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். அசையல. ரப்பரைக் கழட்டினா, குச்சி உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்குது. கண்ணாடி கேட்டாரு. குடுத்தேன். விரலால ஆட்டிப் பார்த்தாரு.

"ஒட்டுல ஒரு கொறையும் இல்ல. எடந்தான் தப்பு."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. தப்பு என் மேலதான், நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்னு ஒத்துக்கிட்டேன். எழுந்து போயிடுவாருன்னு நினைச்சேன். போகல. பக்கத்து ஜூஸ் கடையில கொஞ்சம் ஐஸ் வாங்கச் சொல்லிட்டு மறுபடியும் படுத்துக்கிட்டாரு.

"பேத்து எடும்மா. நானும் எவ்ளோ படகுல பேத்துகீறேன்."

முக்கால் மணி நேரம் பொடிப் பொடியா குடைஞ்சு எடுத்தேன். சிமெண்ட் ட்யூபை ஐஸ் கிண்ணத்துல வெச்சு, அந்தக் கிண்ணத்தைத் தன் வயித்து மேல வெச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. இந்தத் தடவை நான் வாயே திறக்கல. புதுக் குச்சி அடி வரைக்கும் வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. சிமெண்ட்டை இறுக்கற நீல லைட்டை அடிச்சு முடிச்சதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு.

இன்னிக்குக் காலைல கிளினிக்கைத் திறக்கறேன், வாசல்ல குப்பத்து ஆளுங்க நாலு பேர்! எனக்குப் பெருமை தாங்கல. உள்ள வாங்க வாங்கன்னேன். யாரும் அசையல. முன்னால நின்ன அக்காதான் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"மேஸ்திரி எப்பம்மா வருவாரு? அவரு கூட நின்னாதான் நாங்க வாயத் தொறப்போம்."