நிருபர்களை வாடகைக்கு விட்ட மாமாவுக்கு

விருதுநகர்,
சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு.

என் தாய்மாமனும், ‘பொழுதொளி’ மாலை நாளிதழின் நிறுவனரும், தற்சமயம் குற்றாலம் பக்கத்து இயற்கை மருத்துவ முகாமில் கழுத்துவரை களிமண்ணில் எழுந்தருளியிருப்பவருமான உயர்திரு சங்கரலிங்கம் அவர்களின் திருப்பாதங்களுக்கு (மண்ணைத் தோண்டினால் அகப்படும் என்று நம்புகிறேன்), மருமகள் அனுப்பிரியா, பன்னிரண்டாம் வகுப்பு, காலாண்டு விடுமுறை, பணிந்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் அம்மாவும் சொர்ணலட்சுமி அத்தையும் சுகம். அவ்விடம் தங்கள் ரத்தக் கொதிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று அறிய ஆவல். முகாமில் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார்களாம். அதனால்தான் டிரைவர் கையில் கடிதம். தங்களுக்கு அதிர்ச்சி தரும் சேதி எதுவும் சொல்லக் கூடாது என்று டாக்டர் உத்தரவு என்பதால், நல்ல சேதியில் தொடங்குகிறேன்: மிளகாய் வத்தல் விலை ஏறியிருக்கிறது. நல்ல சேதிகள் இத்துடன் நிறைவடைந்தன. இனிமேல் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நர்ஸ் இருப்பது நல்லது.

நீங்கள் காரில் ஏறிய புதன்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடமாக நம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருக்கும் ஞானஜோதி அக்காவும், நிருபர்களும், பக்கம் வடிவமைப்பவர்களுமாக ஏழு பேர் சங்கம் அமைத்து, ஒரு மனுவைத் தங்கள் மேசையில் வைத்தார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு கோரிக்கை. ஆளுக்கொரு பணி நியமன ஆணை. அவ்வளவுதான். நீங்கள் துள்ளிய துள்ளலில் மேசை மேல் இருந்த மாத்திரை டப்பா தரைக்கு வந்துவிட்டது. “சங்கமா? எம் பத்திரிகையிலயா?” என்று கேட்டீர்கள். தங்கள் பேரே சங்கத்தில்தான் ஆரம்பிக்கிறது மாமா என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு நீங்கள் சொன்னது, சத்தியமாக ஒரு சொல் மாறாமல் இதுதான்: “ஏ அனு, நம்ம காம்ப்ளெக்ஸ் கடைகளுக்குப் போடுற வாடகை அக்ரிமென்ட் கம்ப்யூட்டர்ல கெடக்கு பாரு. பதினோரு மாசத்துக்கு உள்ளது. அதை எடுத்துப் பேரை மட்டும் மாத்தி அடி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏழு பேரும் கையெழுத்துப் போடட்டும். போடாதவுகளை வெளியே விட்டு மேனேஜர் கதவைப் பூட்டிருவாரு.” அடித்த தாள் சூடு ஆறுவதற்குள் ஏழு பிரதியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, கடைசியில் சொந்தக் கையால், ‘இரு பார்ட்டிகளுக்கும் முதலாளி, தொழிலாளி என்ற உறவு கிடையாது’ என்று ஒரு வரி சேர்த்து, காரில் ஏறிவிட்டீர்கள். படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. போன தீபாவளிக்கு உங்கள் கார் டிக்கியில் ஸ்பீக்கரை ஒளித்து வைத்து ஆயிரம் வாலாச் சத்தம் விட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு குறும்பும் செய்யவில்லை. செய்ததெல்லாம் கம்ப்யூட்டர். ‘வாடகைதாரர்’ என்று வரும் இடமெல்லாம் ‘நிருபர்’ என்றும், ‘கடை’ என்று வரும் இடமெல்லாம் ‘பத்திரிகை’ என்றும் மாற்றச் சொன்னேன். அது நம்மைவிட விசுவாசமானது, சொன்னதைச் செய்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பேரும் ஆளுக்கொரு பிரதியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். அழுவார்கள் என்று மேனேஜர் சீனிவாசகம் சார் டிஷ்யூ பேப்பர் வாங்கி வைத்திருந்தார். கீழே வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி இருப்பதால் வழக்கமாக வரும் தும்மலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று ஞானஜோதி அக்கா வாய்விட்டு வாசித்தார்: “மேற்படி பத்திரிகைக்குள் நிருபர் ஆடு, மாடு கட்டக் கூடாது. மேற்படி பத்திரிகையை உள்வாடகைக்கு விடக் கூடாது. காலி செய்யும்போது சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். சாக்பத்திரிகை அடைப்பு ஏற்பட்டால் நிருபர் தம் செலவில் நீக்கிக்கொள்ள வேண்டும்.” சாக்கடைக்குள்ளும் ஒரு கடை இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது மாமா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அக்கா அடுத்த வரியை வாசித்தார்: “மேற்படி பத்திரிகையை நிருபர் பதினோரு மாத காலம் யாதொரு தடங்கலும் இன்றி அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மூன்று மாத முன்னறிவிப்பு இல்லாமல் வெளியேற்றக் கூடாது.” அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேனா கேட்டார்கள். மேனேஜர் சாரே சந்தோஷமாகத் தன் பேனாவைக் கொடுத்தார். ஏழு கையெழுத்தும் ஏழு நிமிஷத்தில் விழுந்தன. பத்தாவது நிமிஷம் பாய் வந்தது, பதினைந்தாவது நிமிஷம் மின்சார அடுப்பு வந்தது.

“யம்மா, என்ன இது? வேலையப் பாருங்கம்மா!” என்று மேனேஜர் சார் கத்தினார்.

“என்ன வேலை சார்?” என்றார் அக்கா. “இதுல ஆடு மாடு இருக்கு, ஆணி இருக்கு, சுண்ணாம்பு இருக்கு. செய்தி எழுதணும்னு எங்கயாச்சும் இருக்கா? நீங்களே பாருங்க.”

பார்த்தார். நானும் பார்த்தேன். இல்லை மாமா. நான்கு பக்கத்திலும் இல்லை.

“அதுக்காக எழுத மாட்டீகளா? மொதலாளி வந்தா எந் தோலை உரிச்சிருவாரு!”

“மொதலாளி, தொழிலாளி ஒறவே கெடையாதுன்னு அவுகளே கைப்பட எழுதியிருக்காகளே. ஒறவு இல்லாதவுகளுக்கு ஓசியில வேலை பாத்தா ஊர் என்ன சார் பேசும்?”

ஆக, நேற்றைய ‘பொழுதொளி’யை முழுக்க முழுக்க மேனேஜர் சாரே கொண்டுவந்தார். செய்தி சேகரிக்க ஸ்கூட்டரில் ஆனைக்குட்டம் வரை போனார். முதல் பக்கத் தலைப்பு: ‘அணையில் தண்ணீர் இல்லை’. கீழே செய்தி: ‘நேரில் சென்று பார்த்தோம். இல்லை. விசாரித்ததில் நேற்றும் இல்லை.’ படத்தில் பாதி அணை, பாதி அவருடைய கட்டைவிரல். மிச்ச இடம் பூராவும் வத்தல், மல்லி, உளுந்து விலை. இத்தனை வருடத்தில் பொய்யே இல்லாமல் வந்த முதல் இதழ் இதுதான் என்று ஒரு வாசகர் போன் செய்து பாராட்டினார். தீபாவளி மலருக்கு விளம்பரம் மட்டும் நாற்பது பக்கம் வந்து கிடக்கிறது, எழுத ஆள் இல்லை. அதையும் நானே எழுதுகிறேன் என்று மேனேஜர் சார் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்று காலை அத்தையே நேரில் போனார். காம்ப்ளெக்ஸ் வாடகை வசூல் எல்லாம் அத்தை பொறுப்புதானே, ஆளைக் கிளப்புவதில் அவருக்கு இருக்கிற அனுபவம் கோர்ட்டுக்குக் கூடக் கிடையாது. ஒரு கையில் பூட்டு, மறு கையில் நான். மாடி ஏறி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, அக்ரிமென்டை ஆதியோடந்தமாகப் படித்தார். முதல் அதிர்ச்சி அவருக்கு எதில் வந்தது தெரியுமா? “அட்வான்ஸ் வாங்காமயா எடத்தை விட்டாரு, இந்த மனுசன்?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஞானஜோதி அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். வடை வந்த காகிதப் பை காலியாக இருந்தது. அதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். ஊதினேன். வெம்பக்கோட்டைப் பக்கத்து நிருபர் ராக்கப்பன் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். அவர் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே அடி.

நம் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை நாற்காலியோடு நகர்ந்தார். ஆறு பேர் ஜன்னலுக்கு ஓடி எந்தத் திசையில் புகை என்று வானத்தைப் பார்த்தார்கள். கீழே கிட்டங்கியில் மூட்டையைப் போட்டுவிட்டு, “ஏலே, எங்கன வெடிச்சுச்சு?” என்று கத்தினார்கள். ராக்கப்பன் அண்ணன் மட்டும் அசையவில்லை. வடையைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தார். மற்றவர்கள் ஓடுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் நிமிர்ந்து, “என்னாச்சு?” என்று கேட்டார்.

கிழிந்த பை என் கையிலேயே இருந்தது மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏம்ப்பா, ஒனக்குக் கேக்கலையா?” என்று அத்தை கேட்டார். அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை. ஞானஜோதி அக்காதான் பதில் சொன்னார். ஆனி மாதம் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் விபத்து என்றதும், வழக்கம் போல முதல் ஆளாக இவர் போயிருக்கிறார். படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது ஷெட்டும் வெடித்தது. இடது காது போய்விட்டது, வலது காதில் கொஞ்சம்தான் மிச்சம். அந்தப் படம்தான் அன்று நம் முதல் பக்கம்.

“பைக்குல இருந்து விளுந்துட்டாருன்னுல்ல உங்க மாமா வீட்ல சொன்னாக?” என்றார் அத்தை. “நான்தான பழக்கூடையோட ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸும் வச்சுக் குடுத்துவிட்டேன்...”

அக்கா அதை ராக்கப்பன் அண்ணனின் வலது காதில் திரும்பச் சொன்னார். அண்ணன் சிரித்தார். “ஆமாங்கம்மா, வந்துச்சு. பிள்ளைக வெடிச்சுச்சுக. நான் வாசப்படியில உக்காந்து பாத்தேன். கலரு எல்லாம் நல்லா இருந்துச்சும்மா.”

அப்புறம் அக்கா ஒரு காகிதத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார். நஷ்டஈடு கேட்டு அண்ணன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபோது, அவர்கள் நம் அலுவலகத்தை விசாரித்து எழுதினார்களாம். அதற்கு நம் லெட்டர்பேடில் தங்கள் கையெழுத்தோடு போன பதில்: ‘மேற்படி ராக்கப்பன் எங்கள் ஊழியர் அல்ல. எப்போதாவது தாமாகவே படம் கொண்டுவந்து கொடுப்பவர்.’ பதினெட்டு வருடமாக எப்போதாவது. வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அவர் இங்கே வேலை பார்க்கிறார் என்று ஒரே ஒரு காகிதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மனுவை மூடிவிடுவார்கள். சங்கம், மனு, பாய், அடுப்பு எல்லாம் அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் மாமா. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அத்தைக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

அத்தை கொண்டுபோன பூட்டை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். திட்டவில்லை மாமா. அத்தை திட்டாமல் ஒரு படி இறங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைக் குடைகிறார். துணி எடுத்து வைக்கிறாரோ, அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து மண்ணைத் தட்டிவிட்டு இதே காரில் கிளம்பி வாருங்கள். திங்கட்கிழமைக்குள் தங்கள் ஒருவரால்தான் அந்த ஆணையில் கையெழுத்துப் போட முடியும். நான் அடித்த அக்ரிமென்டில் சிரிக்க நிறைய இருந்தது. தங்கள் பதில் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அதை அடித்தது நானாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

தங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கவும், மனசு இளகவும், களிமண் நல்லபடியாகக் காய்ந்து உதிரவும் எல்லாச் சாமிகளையும் வேண்டி, அடி விழாத தூரத்தில் நின்று ஆசீர்வாதம் கோரும்,
மருமகள் அனுப்பிரியா.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தாங்கள் வர வேண்டாம். அத்தை துணி எடுத்து வைக்கவில்லை. ஒருத்தரைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்னால் சொத்து யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கமாம், அதைத்தான் தேடியிருக்கிறார். பத்திரிகை ஆரம்பித்தபோது ஆடிட்டர் சொன்னார் என்று எல்லாவற்றையும் அத்தை பேரில் பதிவு செய்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கினீர்களாமே? அந்தப் பத்திரத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். ஞானஜோதி அக்கா ஆச்சரியப்படவே இல்லை. “கடைசிப் பக்கத்து அடியில ‘உரிமையாளர், வெளியிடுபவர்: ச. சொர்ணலட்சுமி’ன்னு பன்னெண்டு வருசமா தெனமும் நான்தான வைக்கேன்? நீங்க என்னைக்காச்சும் படிப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்மா” என்றார். அக்ரிமென்ட் செல்லாதாம். விட்டவருக்கு விட எதுவுமே இல்லையாம். ஏழு நியமன ஆணையையும் இந்த முறை நான் எழுத்து எழுத்தாக அடித்தேன். அத்தை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ராக்கப்பன் அண்ணனுடையது முதலில். அதை அத்தையே அவர் வலது காதுப் பக்கம் நின்று, கீழே கிட்டங்கிவரை கேட்கும்படி வாசித்துக் காட்டினார். ‘பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் ஊழியர்’ என்ற இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார் அண்ணன். ‘மாமாவுக்கும் ஒரு ஆர்டர் அடிக்கவா, என்ன பதவி போட?’ என்று அத்தையிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.